அடுத்த இதழ் வரும் வரை

கும்பகோணத்தில் கும்பேஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் எங்கள் பெரியப்பா வாடகை நூலகம் நடத்தினார். வீட்டின் முன்னறைதான் நூலகம். டெபாசிட் கட்டிச் சேர வேண்டும். புத்தக விலையில் பத்தில் ஒரு பங்கு வாடகை. ஒரு வாரத் தவணை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நோட்டில் எடுப்பும் கொடுப்பும் எழுதுவது என் வேலை. 1970களின் கடைசியிலிருந்து 1990களின் தொடக்கம் வரை, நான் கல்யாணமாகிப் போகும் வரையில், அந்த மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்துதான் தமிழ் நாவலாசிரியர்களைத் தெரிந்துகொண்டேன். புத்தகங்களைப் படித்துத் தெரிந்துகொண்டது பாதி. அவற்றைத் திருப்பிக் கொடுக்க வந்தவர்கள் சொன்னதைக் கேட்டுத் தெரிந்துகொண்டது மீதி. அந்த மீதிப் பாதியைப் பற்றி யாரும் எழுதி வைக்கவில்லை என்ற குறை எனக்கு நெடுநாளாக உண்டு.

நூலகத்தில் பாதிக்கு மேல் பைண்டு புத்தகங்கள். குமுதத்திலும் விகடனிலும் கல்கியிலும் வந்த தொடர்கதைகளை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, ஊசி நூலால் தைத்து, மைதாப் பசை தடவி, காலிகோ முதுகு போட்டு வைத்தவை. அந்தப் பக்கங்களைப் புரட்டினால் கதை மட்டும் வராது. கோபுலுவின் படம், ஜெயராஜின் படம், லதாவின் படம். இந்தத் தொடரின் பின்பக்கத்தில் வேறொரு தொடரின் பாதி. மூலையில் ஒரு துணுக்கு, தலைவலித் தைல விளம்பரம். ஓரத்தில் பென்சிலால் வாசகர்கள் எழுதியவையும் இருக்கும். 'இவள் அப்போதே கேட்டிருக்கலாம்', 'இந்த இடத்தில் நான் படிப்பதை நிறுத்திவிட்டேன்', அதற்குக் கீழே வேறு கையெழுத்தில் 'நிறுத்தாதீர்கள், மேலே நன்றாக இருக்கிறது'. துப்பறியும் கதை என்றால் முதல் பக்கத்திலேயே கொலைகாரன் பெயரை எழுதி வைக்கும் ஆசாமி ஒருவர் இருந்தார். பெரியப்பா அந்தப் பெயரின்மேல் வெள்ளைத் தாள் ஒட்டுவார். மற்ற குறிப்புகளை அழிக்க விடமாட்டார். "எழுதினவங்க காசு குடுத்துப் படிச்சவங்க. அது கெடக்கட்டும்" என்பார்.

தொடர்கதை வாசகர் போல எழுத்தாளரிடம் உரிமை எடுத்துக்கொண்டவர் வேறு யாருமில்லை என்று நினைக்கிறேன். காரணம் அந்த ஒரு வார இடைவெளி. கதாநாயகி கதவைத் திறக்கிறாள், 'தொடரும்' என்று போட்டுவிடுவார்கள். கதவுக்கு வெளியே நிற்பது யார் என்பதை ஏழு நாள் வாசகரே எழுதிப் பார்ப்பார். திண்ணையில், கிணற்றடியில், ரேஷன் கடை வரிசையில் அவரவர் அத்தியாயத்தை அவரவர் சொல்வார்கள். எழுத்தாளர் எழுதி அனுப்பும் அத்தியாயம் இந்த அத்தியாயங்களோடு போட்டி போட்டாக வேண்டும். தோற்றால் அன்று மாலையே எங்கள் மேஜைக்கு முன்னால் தீர்ப்பு வந்துவிடும்.

கும்பகோணத்துக்காரர்களுக்குக் கல்கி எழுதிய பொன்னியின் செல்வன் சொந்த வீட்டுச் சமாசாரம். வந்தியத்தேவன் குந்தவையை முதலில் சந்திப்பதே குடந்தை சோதிடர் வீட்டில்தான். பழையாறை இங்கிருந்து சைக்கிள் மிதிக்கும் தூரம். 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே வரை கல்கி பத்திரிகையில் வந்தபோது வாரந்தவறாமல் படித்த மேலக்காவேரி தமிழ் வாத்தியார் ஒருவர் எங்கள் உறுப்பினர். சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்ற வழக்கில் அவர் கல்கியை விடவே மாட்டார். காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடிக் கோயில் கல்வெட்டு, சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் என்று துரோகிகளின் பெயரை வெட்டிச் சொல்கிறது. "கல்வெட்டே பேர் சொல்லுது. கல்கி மட்டும் கடம்பூர் மாளிகையில வெளக்க அணைச்சுட்டு நம்மள இருட்டுல நிறுத்திட்டார். இது நியாயமா?" என்பார், ஏதோ போன வாரம்தான் அந்த அத்தியாயம் வந்ததுபோல.

அவருக்குப் பதில் சொன்னது ஒரு பாட்டியம்மாள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். ஐந்து பாகத்தையும் அப்படியே படித்து முடித்தவர். "நந்தினி கையால செத்தான்னு எழுதியிருந்தா அவள வெறுத்துட்டுப் புஸ்தகத்த மூடியிருப்பேன். ரவிதாசன்தான்னு எழுதியிருந்தா அவளுக்காகப் பாவப்பட்டுட்டு மூடியிருப்பேன். ரெண்டும் செய்ய முடியாம வச்சிருக்காரே, அதுதான் எனக்கு வேணும்" என்றார். வாத்தியார் கொஞ்ச நேரம் பேசவில்லை. வரலாற்றுக்கும் நாவலுக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகச் சொன்ன கட்டுரையை நான் இதுவரை படித்ததில்லை. கதை முடிந்த பிறகு அவரவர் என்ன ஆனார்கள் என்று வாசகர்கள் கேட்டதற்குக் கல்கி ஒரு முடிவுரையே எழுதிப் பதில் சொன்னார். அதே 1954இன் டிசம்பரில் அவர் காலமானார். கேள்வி மட்டும் நின்றபாடில்லை. ஊரில் பிறந்த பெண்களுக்குக் குந்தவை என்றும் வானதி என்றும் பெயர் வைத்தார்கள். நா. பார்த்தசாரதியின் குறிஞ்சி மலருக்குப் பிறகு பூரணிகளும் அரவிந்தன்களும் வந்தார்கள். எங்கள் நோட்டிலேயே பூரணி என்ற பெயரில் இரண்டு உறுப்பினர்கள் இருந்ததால், தெருப் பெயரைச் சேர்த்து எழுத வேண்டியிருந்தது.

சாண்டில்யனுக்கு இளவட்டங்கள் அடித்துக்கொண்டார்கள். கடல் புறாவின் மூன்று பாகமும் சேர்ந்தாற்போல் நூலகத்தில் தங்கியதே கிடையாது. வருணனை நீளமாக வந்தால் அந்தப் பக்கங்களைத் தள்ளிவிட்டுப் போர்க்களத்துக்குப் போய்விடுவதாகப் பையன்கள் சொல்வார்கள். வருணனையை மட்டும் படித்தவர்களும் இருந்தார்கள், அவர்கள் சொல்லமாட்டார்கள்.

வாசகரின் பேச்சு ஒரு நாவலையே பிறப்பித்ததை நான் பெரியப்பா வாயால் கேட்டேன். 1966இல் ஆனந்த விகடனில் ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' வந்தது. மழையில் காரில் ஏறிக் கெட்டுப்போய் வந்த மகளின் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று தாய் ஏற்றுக்கொள்கிறாள். அந்த இதழ் வந்த வாரம் எங்கள் தெருவில் மாமியாரும் மருமகளும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டார்களாம். அதற்கு முன்பு அப்படி ஒரு விஷயத்தை அவர்கள் ஒருவரோடொருவர் பேசியதே இல்லை. எந்தத் தாய் இப்படிச் செய்வாள் என்று ஒரு கட்சி, ஏன் செய்யக்கூடாது என்று இன்னொரு கட்சி. பத்திரிகைக்குக் கடிதங்கள் குவிந்தன. சரி, அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் ஊரைக் கூட்டியிருந்தால் என்ன ஆகும் என்று ஜெயகாந்தனே எழுதிப் பார்த்ததுதான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. அந்தச் சிறுகதையே நாவலுக்குள் ஒரு கதையாக வருகிறது. நாவலின் நாயகி கங்கா அதைப் படிக்கிறாள். 1972இல் அந்த நாவலுக்குச் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. வாசகர் கேட்ட கேள்வியைக் கையில் எடுத்து, அதற்கு இன்னும் கடினமான கேள்வியைத் திருப்பித் தந்த ஜெயகாந்தனின் துணிவு எனக்கு இன்றும் பெரிதாகப் படுகிறது.

என் காலத்தில் நடந்த பெரிய சண்டை சுஜாதாவை வைத்து. குமுதத்தில் வந்த கொலையுதிர் காலத்தை நாங்கள் பைண்டு செய்து வைத்ததும் மாதக்கணக்கில் அது வெளியிலேயே சுற்றியது. நடப்பதற்கெல்லாம் காரணம் விஞ்ஞானமா ஆவியா என்பதில் வக்கீல் கணேஷ் ஒரு பக்கம், அவருடைய ஜூனியர் வசந்த் ஒரு பக்கம் நிற்கிறார்கள். ஆசிரியர் எந்தப் பக்கமும் சாயாமல் முடித்துவிடுகிறார். கல்லூரிப் பையன்கள் ஹோலோகிராம் கட்சி. அந்தச் சொல்லை அதற்கு முன் அவர்கள் கேள்விப்பட்டதில்லை. கதையில் படித்துவிட்டு இயற்பியல் பேராசிரியரிடம் போய்க் கேட்டு வந்தவர்கள். பேங்க்கில் வேலை பார்த்த ஒரு அக்கா ஆவிக் கட்சி. "விஞ்ஞானத்துல விளக்கம் சொல்லிட்டா கணேஷுக்கு நிம்மதி. எனக்கு அந்த வீட்டுல ராத்திரி தூக்கம் வராது. அப்ப எது நெஜம்?" என்பார். அதே அக்கா வசந்த்தின் பேச்சைக் கடுமையாக விமரிசனமும் செய்வார். பெண்களைப் பார்த்ததும் வசந்த் அடிக்கும் கிண்டல் ஒரே அச்சாக வருகிறது, அந்தப் பெண்களுக்குப் பதில் சொல்ல சுஜாதா வாய் தருவதில்லை என்று அந்தக் காலத்திலேயே சொன்னார். ஆனால் அடுத்த கணேஷ்-வசந்த் கதைக்கு முதலில் பெயர் கொடுத்து வைப்பவரும் அவர்தான். குறை தெரிந்தும் ஒருவரை விடாமல் படிப்பது எப்படி என்பதை நான் அவரிடம்தான் பார்த்தேன்.

சுஜாதா என்பது மனைவியின் பெயர், உண்மைப் பெயர் ரங்கராஜன், பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் எஞ்சினியர் என்பது எங்கள் உறுப்பினர் எல்லாருக்கும் தெரியும். அவருடைய சிக்கனத்தைப் பையன்கள் காப்பியடித்தார்கள். காலேஜ் கட்டுரைகளில் ஒற்றைச் சொல் வாக்கியங்கள் புகுந்தன. 1857 காலத்தை வைத்துக் 'கறுப்பு சிவப்பு வெளுப்பு' என்று அவர் தொடங்கிய தொடர் எதிர்ப்பு கிளம்பியதால் பாதியில் நின்றபோது, எங்கள் முன்னறையில் இருந்த கோபம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பிறகு அது 'ரத்தம் ஒரே நிறம்' என்ற தலைப்பில் வந்தது. எழுத்தாளரோடு சண்டை போட வாசகருக்கு முழு உரிமை உண்டு. அவர் கையைப் பிடித்து நிறுத்த உரிமை இல்லை. பெரியப்பா பைண்டு செய்வதற்காகச் சேர்த்து வைத்திருந்த அந்தச் சில அத்தியாயங்களை நூல் கட்டி அப்படியே வைத்திருந்தார். யாருக்கும் வாடகைக்குக் கொடுக்கவில்லை.

பாலகுமாரன் எங்கள் பக்கத்துக்காரர், திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கம் பழமார்நேரி. டிராக்டர் கம்பெனியில் வேலை பார்த்தவர் என்பதால் தொழில் உலகம் அவர் கதையில் எண்ணெய் வாசனையோடு வரும். லாரி ஷெட் ஒன்றில் கணக்கு எழுதிய ஒருவர், அதுவரை நாவலே எடுக்காதவர், யாரோ சொல்லி இரும்புக் குதிரைகளை எடுத்துப்போனார். தவணை தாண்டி இரண்டாம் வாரம்தான் திருப்பினார். "நம்ம ஆளுங்க லோடுக்காகக் காத்துக் கெடக்கறத ஒருத்தர் கதையா எழுதுவார்னு நெனச்சதே இல்லம்மா" என்றார். அதோடு நிறுத்தவில்லை. "ஆனா போகப் போக எல்லாரும் ஒரே மாதிரி பேச ஆரம்பிச்சிடறாங்க. மொதலாளியும் தத்துவம் பேசறார், எடுபிடியும் தத்துவம் பேசறான். லாரிக்காரன் லாரிக்காரனாப் பேசினாப் போதாதா?" பின்னாளில் பாலகுமாரனைப் பற்றிப் படித்தவர்கள் எழுதிய விமரிசனங்களில் இதே குறையைத்தான் பல பக்கங்களுக்கு நீட்டியிருந்தார்கள். தான் படித்த முதல் நாவலிலேயே கணக்குப்பிள்ளை அதைக் கண்டுபிடித்துவிட்டார். அடுத்து மெர்க்குரிப் பூக்கள் கேட்டு வாங்கிப்போனார் என்பதையும் சொல்ல வேண்டும்.

பெண்கள் பெரும்பாலும் மத்தியானத்தில் வருவார்கள். அந்த நேரத்துப் பேச்சுதான் எனக்கு அதிகம் கற்றுத் தந்தது. லட்சுமியின் நாவல்களை வயதானவர்கள் கேட்டார்கள். திரிபுரசுந்தரி என்ற டாக்டர் அவர். தென்னாப்பிரிக்காவில் பல காலம் வாழ்ந்தவர். 'ஒரு காவிரியைப் போல' நாவலுக்கு 1984இல் சாகித்திய அகாதமி விருது கிடைத்தபோது எங்கள் உறுப்பினர்கள் தங்கள் வீட்டுப் பெண்ணுக்குக் கிடைத்ததாகவே கொண்டாடினார்கள். சிவசங்கரியை வேலைக்குப் போகும் பெண்கள் எடுத்தார்கள். குடியால் அழியும் தியாகுவைப் பற்றிய 'ஒரு மனிதனின் கதை'யை ஒரு பெண் எடுத்துப்போய் நாலைந்து வாரம் தரவில்லை. ஆள் அனுப்பலாமா என்று நான் கேட்டேன், பெரியப்பா வேண்டாம் என்றார். கடைசியில் கொண்டுவந்து, அத்தனை வாரத்துக்கும் வாடகையை எண்ணி வைத்தார். "நான் மொத நாளே படிச்சுட்டேன். அவர் படிக்கட்டும்னு கூடத்துலயே போட்டு வச்சேன். நாலு நாளா ஒரே பக்கத்துல பேப்பரை அடையாளம் வச்சிருக்கார்" என்றார். பெரியப்பா வாடகையைத் திருப்பிக் கொடுத்து, புத்தகத்தையும் அவரிடமே கொடுத்தனுப்பினார். அதன்பின் என்ன நடந்தது என்று அந்தப் பெண்ணும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

ரமணிசந்திரன் என்றால் படித்தவர்கள் பலருக்கு இளக்காரம். இரவு டியூட்டி பார்க்கும் நர்ஸ் அக்கா ஒருவர் வாரத்துக்கு இரண்டு எடுப்பார். எல்லாம் ஒரே கதைதானே அக்கா, கடைசியில் சேர்ந்துவிடுவார்களே என்று நான் கேட்டதற்கு, "சேருவாங்கன்னு தெரிஞ்சதாலதான் எடுக்கறேன். வார்டுல ராத்திரி யாரு பொழைப்பா, யாரு போவான்னு தெரியாது. கையில இருக்கற புஸ்தகத்துலயாவது தெரிஞ்சிருக்கட்டும்" என்றார். ஆனால் எதையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்பவரல்லர் அவர். கதாநாயகியைச் சந்தேகப்பட்டுத் திட்டியவன் உருகி மன்னிப்புக் கேட்க வேண்டும். ஒரு பக்கத்தில் முடித்துவிட்டால், "இந்தத் தடவை ரொம்ப சீக்கிரம் மன்னிச்சுட்டா" என்று முகம் சுளிப்பார். எவ்வளவு வலிக்கு எவ்வளவு மன்னிப்பு என்பதில் அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. கதையமைப்பைப் பற்றிய கூர்மையான கவனம் அது.

துக்காம்பாளையத் தெருக்காரர்கள் தி. ஜானகிராமனின் மோகமுள்ளை ஊர்க்கதையாகவே படித்தார்கள். அதில் வரும் யமுனாவின் வீடு எது என்று அவர்களுக்குள் தகராறு. எங்கள் நூலகத்தில் ஜானகிராமன் லட்சுமிக்குப் பக்கத்தில் இருந்தார், இலக்கியம் தனி, பொழுதுபோக்கு தனி என்று அலமாரி பிரிக்கவில்லை. பாபுவையும் யமுனாவையும் பற்றிப் பேசிய அதே மூச்சில் 'தரையில் இறங்கும் விமானங்கள்' எழுதிய இந்துமதியைப் பற்றியும் பேசினார்கள். ஒரே அளவுகோல்தான்: இந்த ஆள் இப்படிச் செய்வானா, இந்தப் பெண் இப்படிப் பேசுவாளா?

1980களின் நடுவில் மாத நாவல்கள் குவியத் தொடங்கின. க்ரைம் நாவல், பாக்கெட் நாவல், மாலைமதி. பெட்டிக்கடையிலேயே கயிறு கட்டித் தொங்கவிடுவார்கள். ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா. அவர்கள் கதைகளில் வரும் விவேக்கும் ரூபலாவும், பரத்தும் சுசீலாவும், நரேந்திரனும் வைஜயந்தியும் வீட்டுக்கு வந்து போகும் உறவுக்காரர் போல ஆனார்கள். எங்கள் தெரு முனைத் தையல்காரர் ராஜேஷ்குமாரைத் தவிர வேறு யாரையும் தொடமாட்டார். இரண்டு கதைகளை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மாதிரி மாற்றி மாற்றி ஓட்டி, கடைசியில் ஒரு முடிச்சில் சேர்ப்பது ராஜேஷ்குமாரின் வழக்கம். தையல்காரர் பாதியில் புத்தகத்தை மூடிவைத்து, இந்த இரண்டும் எங்கே சேரும் என்று தையல் மிஷினை மிதித்துக்கொண்டே யோசிப்பார். நினைத்த இடத்தில் சேர்ந்தால் அவருக்கு ஏமாற்றம். நினைக்காத இடத்தில், ஆனால் நியாயமாகச் சேர்ந்தால்தான் அவருக்குத் திருப்தி. எங்கிருந்தோ புதிதாக ஒருவனைக் கொண்டுவந்து அவன்தான் கொலைகாரன் என்றால், "இது ஒட்டுப் போட்ட தையல்" என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவார்.

மாத நாவலை நான் குறைத்துப் பேசமாட்டேன். பஸ் கண்டக்டரையும் தறிக்காரரையும் மளிகைக்கடைப் பையனையும் படிக்க வைத்தது அதுதான். ஆனால் ஒன்று நடந்தது. கதை ஒரே ராத்திரியில் முடிந்தது, காத்திருக்க எதுவும் இல்லை. யூகிக்க ஏழு நாள் இல்லாதபோது பேச்சும் குறைந்தது. "எப்படி இருந்துச்சு?" என்றால் "நல்லா இருந்துச்சு" என்று வைத்துவிட்டு அடுத்ததை எடுத்துப் போனார்கள். தையல்காரர் மாதிரி ஒருவர் இருவர்தான் தாங்களாகவே இடைவெளியை உண்டாக்கிக்கொண்டார்கள். பிறகு டிவித் தொடர்கள் வந்தன. மத்தியானத்துப் பெண்கள் ஒவ்வொருவராக நின்றார்கள். 90களின் பாதியில் பெரியப்பா நூலகத்தை மூடினார்.

ஜனரஞ்சக எழுத்தைப் படித்தவர்கள் மயங்கிக் கிடந்தார்கள், எழுத்தாளர்கள் அவர்களை ஏமாற்றினார்கள் என்று நம் இலக்கிய உலகில் ஒரு பேச்சு உண்டு. அந்த எழுத்தில் குறைகள் உண்டு. பொறுத்துப் பொறுத்துப் போகும் பெண்கள், தத்துவம் பேசும் டிரைவர்கள், அவசரத்தில் கட்டிய முடிவுகள். ஒவ்வொன்றையும் எங்கள் மேஜைக்கு முன்னால் நின்றவர்கள் கண்டு சொன்னார்கள். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை என்பதால் அவர்களுக்குக் கருத்தே இல்லை என்று முடிவுகட்டியது அநியாயம். நாவலைப் பற்றிய நம் வரலாறு எழுதினவர்களின் வரலாறாகவும், எழுதினவர்களைப் பற்றி எழுதினவர்களின் வரலாறாகவும் மட்டுமே இருக்கிறது. படித்தவர்கள் அதில் விற்பனை எண்ணிக்கையாக வருகிறார்கள்.

படிப்பு ஒழிந்துவிட்டது என்று புலம்ப நான் வரவில்லை. பாலகுமாரனின் ஆறு பாக உடையாரைப் படித்துவிட்டுப் பட்டீஸ்வரத்துக்குப் பக்கத்தில் பஞ்சவன்மாதேவி பள்ளிப்படையைத் தேடி வருகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். ராஜேந்திரன் தன் சிற்றன்னைக்கு எடுத்த கோயில் என்பதை அந்த நாவல்தான் அவர்களுக்குச் சொன்னது. 2022இல் பொன்னியின் செல்வன் படமாக வந்தபோது, நந்தினியை இப்படியா காட்டுவது என்று பிள்ளைகளோடு பாட்டிமார் சண்டை போட்டதை எத்தனையோ வீடுகளில் கேட்டிருப்பீர்கள்.

அந்தப் பாட்டிமாரிடம் எனக்கு வேலை இருக்கிறது, உங்களுக்கும் இருக்கிறது. வீட்டுப் பரணில் பைண்டு செய்த தொடர்கதைக் கட்டு இருந்தால் எடைக்குப் போடாதீர்கள். ஓரத்துப் பென்சில் குறிப்புகளோடு பத்திரப்படுத்துங்கள். அதைச் சேர்த்து வைத்தவர் இன்னும் இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்: எந்த வாரத்துக்காகக் காத்திருந்தீர்கள், யாரோடு சண்டை போட்டீர்கள், எந்த முடிவை இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை? சொல்வதை அவர்கள் பேச்சிலேயே எழுதி, தேதி போட்டு வையுங்கள்.